மனதுக்குள் மன்னித்துவிட்டேன், அது போதாதா?

சகோதரி எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். அடக்கம் முடிந்த இரண்டாம் மாதமே அண்ணன் ஒரு விடுதலைப் பத்திரம், அதாவது சொத்தில் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம், எழுதிக்கொண்டு வந்தார். "உனக்குத்தான் நகை போட்டு இறக்கிவிட்டாச்சே" என்று சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கிவிட்டார். நீங்கள் வாசித்துப் பார்க்கவில்லை. விவரம் தெரிந்த அன்று கொதித்துப்போய், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவரைத் திருடன் என்று எழுதினீர்கள். அதிலிருந்து இரண்டேகால் வருடமாகப் பேச்சு இல்லை. ஒரே சேகரம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம்), ஒரே கோயில். அவர் ஆண்கள் பக்கம், நீங்கள் பெண்கள் பக்கம். "ஜெபத்தில் அண்ணனை மன்னித்துவிட்டேன். ஆனால் முகம் பார்த்துப் பேச முடியவில்லை. நான் திருவிருந்து (நற்கருணை) எடுக்கலாமா?" என்று கேட்கிறீர்கள்.

கேள்வி திருவிருந்தைப் பற்றியதுபோல இருந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். மன்னிப்பு உள்ளுக்குள் முடிந்துவிட்டது என்றால், உறவு கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடலாமா? அதற்குத்தான் பதில் சொல்ல முயல்கிறேன். நான் 31 வருடம் திருநெல்வேலி, குமரிப் பக்கத்துச் சேகரங்களில் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன். வேதத்தைப் பற்றியும், சண்டையிட்ட குடும்பங்களைப் பற்றியும் கொஞ்சம் தெரியும். சட்டத்தில் பொதுவாகத் தெரிந்ததை மட்டும் சொல்வேன். உங்கள் பத்திரத்தைப் பார்க்காமல் யாரும் உறுதியாக எதுவும் சொல்லிவிட முடியாது.

எல்லாரும் எடுத்துக்காட்டுகிற வசனத்திலிருந்தே வருவோம். மத்தேயு 5:23, 24: "நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில், அங்கேதானே பலிபீடத்தின் முன் உன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து." இதை நாம் பெரும்பாலும் தலைகீழாக வாசிக்கிறோம். எனக்கு அவர்மேல் குறை இருந்தால், நான் அதை மன்னித்துவிட்டால், கணக்குத் தீர்ந்தது என்று. வசனத்தில் இருப்பது அது இல்லை. என்பேரில் அவருக்கு ஒரு குறை இருக்கிறதா என்பதுதான் அங்கே கேட்கப்படுவது. நம் வருத்தம் நமக்கு எப்போதும் நினைவில் இருக்கும். அடுத்தவருக்கு நம்மால் உண்டான வருத்தத்தை நினைத்துப் பார்க்கத்தான் பலிபீடம் வரைக்கும் போகவேண்டியிருக்கிறது. 'ஒப்புரவாகி' என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிற இடத்தில் உள்ள கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. மனதுக்குள் நடக்கும் ஒரு மாற்றத்தை மட்டும் குறிக்கிற சொல் இல்லை அது. இரண்டுபேருக்கு நடுவே சரியாவதைக் குறிப்பது. காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து 'போய்' என்றும் சொல்லியிருக்கிறது. காலால் நடந்து போவதைத்தான் இயேசு சொல்கிறார்.

அப்படியானால் உங்கள் காரியத்தில் இந்த வசனத்தின் பெரிய பாரம் அண்ணன் மேல்தான் விழுகிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்களுக்கு அவர்பேரில் குறை உண்டு. அவர் திருவிருந்துக்கு வரும்போது அதை நினைக்கவேண்டியவர் அவர். ஆனால் கேள்வி கேட்டது அவர் இல்லை, நீங்கள். அதனால் உங்கள் கடிதத்திலேயே நீங்கள் போகிறபோக்கில் எழுதிப்போன அந்த ஒரு வரியைத்தான் நான் கையில் எடுக்கவேண்டியிருக்கிறது. முப்பது, நாற்பது பேர் இருக்கிற குழுவில் திருடன் என்று எழுதினீர்கள். மதினியின் வீட்டார் பார்த்தார்கள். அண்ணன் பிள்ளைகள் பார்த்தார்கள். அவர் செய்தது தவறு என்பதனால், உங்களால் அவருக்கு உண்டான காயம் இல்லாமல் போய்விடாது. மத்தேயு 18:15 சொல்வது "நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" என்பது. தனியே சொல்லவேண்டியதை ஊர் கூட்டிச் சொன்னோம் என்றால், சொன்ன விஷயம் உண்மையாக இருந்தாலும் சொன்ன விதத்துக்கு நாம் பதில் சொல்லியாகவேண்டும்.

இனி திருவிருந்து. ஆதித் திருச்சபை இதை எவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொண்டது என்பது பலருக்குத் தெரியாது. 'திதாகே' என்ற மிகப் பழைய சபை ஒழுங்குநூல் ஒன்று 1873-ல் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு கையெழுத்துப் பிரதியாகக் கிடைத்தது. தன் தோழனோடு பிணக்கு உள்ளவன் ஒப்புரவாகும்வரை ஆண்டவருடைய நாளின் கூடுகையில் சேரவேண்டாம் என்று அதில் இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாவில் எழுந்த இன்னொரு ஒழுங்குநூல் எனக்கு இன்னும் பிடிக்கும். விசுவாசிகளுக்குள் வழக்கு வந்தால் கண்காணி (பேராயர்) அதைத் திங்கட்கிழமை விசாரிக்கட்டும் என்கிறது அது. ஏன் திங்கள்? யாராவது தீர்ப்பை ஏற்கவில்லை என்றால், பேசிச் சரிசெய்து ஞாயிறுக்குள் சமாதானமாக்க நாள் வேண்டும் என்பதற்காக. ஞாயிறு காலையில் கோயில் வாசலில் வைத்து அவசரமாகக் கைகொடுக்க வைக்கிற ஏற்பாடு அவர்களிடம் இல்லை.

அப்படிக் கைகொடுக்க வைத்தவன் நான். ஊழியத்தில் சேர்ந்த நாலாம் வருடம், ஒரு பெரிய வெள்ளிக்கிழமை. ஏழு வருடம் பேசாதிருந்த இரண்டு ஓரகத்திகளை மும்மணி தியானம் முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் அழைத்து, சபையார் எல்லாரும் பார்க்கக் கையைச் சேர்த்துவைத்தேன். இருவரும் அழுதார்கள். சபையே அழுதது. அடுத்த வாரம் முதல் மறுபடியும் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒருத்தி என்னிடம், "ஐயா, நீங்க எல்லார் முன்னாலயும் கூப்பிட்டீங்க, மாட்டேன்னு எப்படிச் சொல்ல?" என்றாள். அவர்களுடைய சண்டைக்குக் காரணம் என்ன என்றுகூட நான் அதுவரை இரண்டுபேரிடமும் தனித்தனியே உட்கார்ந்து கேட்டதில்லை. ஒப்புரவு நடந்த மாதிரி ஒரு காட்சியை நான் உண்டாக்கிவிட்டேன். அது அவர்களுக்குள் இருந்ததை இன்னும் இறுக்கிவிட்டது. ஆகவே உங்களை அப்படி யாராவது எழுப்பி நிறுத்த வந்தால், மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிற ஒரு விதி நம் ஆங்கிலிக்கன் முன்னோர்களிடம் உண்டு. 1662-ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகத்தில், திருவிருந்து முறைமையின் தொடக்கத்தில் ஆயருக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. இரண்டுபேருக்குள் பகை இருப்பது தெரிந்தால், ஒப்புரவாகும்வரை இருவரையும் பந்தியில் சேர்க்கக்கூடாது. ஆனால் ஒருவர் முழுமனதோடு மன்னிக்கவும், தான் செய்த தவற்றுக்குப் பரிகாரம் செய்யவும் ஆயத்தமாக இருந்து, மற்றவர் பிடிவாதமாக இருந்தால், ஆயத்தமாக இருப்பவரைச் சேர்த்துக்கொள்ளவேண்டும், பிடிவாதக்காரரைச் சேர்க்கக்கூடாது. அதாவது, அடுத்தவர் மனம் உங்களுக்குப் பூட்டாகிவிட முடியாது. அண்ணன் கதவைத் திறக்காவிட்டாலும் பந்தி உங்களுக்குத் திறந்திருக்கும். ஆனால் அந்தக் குறிப்பு இரண்டு காரியங்களைக் கேட்கிறது: மன்னிப்பதும், தன் பக்கத் தவற்றைச் சரிசெய்வதும். முதலாவதை நீங்கள் ஜெபத்தில் செய்துவிட்டீர்கள், நான் அதை நம்புகிறேன். இரண்டாவது இன்னும் பாக்கி இருக்கிறது.

நம் தென்னிந்தியத் திருச்சபை முறைமையில், 1950-ல் வந்த ஒழுங்கிலிருந்தே, சமாதானம் கொடுப்பது என்று ஒன்று இருக்கிறது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டது. பீடத்திலிருந்து புறப்பட்டு, ஒருவர் உள்ளங்கைகளுக்குள் மற்றவர் கை சேர்ந்து, வரிசை வரிசையாகக் கடைசிவரைக்கும் வரும். ஆண்கள் பக்கம் ஒரு கிளையாகவும் பெண்கள் பக்கம் ஒரு கிளையாகவும் அது போகிறதால், கோயிலில் வருடக்கணக்காக அண்ணனும் தங்கையும் ஒரே சமாதானத்தை வாங்கிக்கொண்டு ஒருவர் கையை ஒருவர் தொடாமலே வீடு திரும்பலாம். அந்த நேரத்தில் மட்டும் வயிற்றைப் பிசைகிறது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்தப் பிசைவு நல்லது. அதை மருந்து போட்டு அடக்கவேண்டாம்.

இவ்வளவும் சொன்னபிறகு, மன்னிப்பும் சொத்தும் வேறு வேறு என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். ஆயர்கள் பலர் இங்கேதான் பெண்களுக்கு அநியாயம் செய்கிறார்கள். "மன்னித்துவிட்டாயல்லவா, பிறகு எதற்குப் பங்கு?" என்று கேட்பார்கள். மன்னித்தவர் உண்மையை விட்டுக்கொடுத்தவர் ஆகிவிடமாட்டார். லூக்கா 12-ல் ஒருவன் வந்து, ஆஸ்தியைப் பாகம்பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்டபோது, பங்கிடுகிறவனாக என்னை வைத்தவன் யார் என்று ஆண்டவர் கேட்டார். பேராசையைப் பற்றி எச்சரித்தார், ஆனால் பங்கு கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. நகை போட்டாயிற்று என்ற அந்தப் பேச்சுக்கும் ஒரு பழைய வேர் இருக்கிறது. குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் மகளுக்கு மகனுடைய பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதைத்தான் கொடுத்தது. மேரி ராய் என்ற கேரளப் பெண்மணி தொடுத்த வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாமல் போய்விட்டது, 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல். உங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. சட்டம் மாறிவிட்டது, வீட்டுத் திண்ணைப் பேச்சு இன்னும் மாறவில்லை.

நீங்கள் போட்ட கையெழுத்து நிற்குமா நிற்காதா என்பது வக்கீல் சொல்லவேண்டியது. ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: ஒரு பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு, விவரம் தெரியவந்ததிலிருந்து மூன்று வருடம் என்று பொதுவாகக் கெடு உண்டு. உங்களுக்கு இரண்டேகால் வருடம் ஓடிவிட்டது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. அங்கே போய் விசாரிப்பது அண்ணன்மேல் வழக்குப் போடுவது ஆகாது. வழக்கே போடலாமா என்றால், இங்கே எனக்கு முழு நிச்சயம் இல்லை. 1 கொரிந்தியர் 6-ல் பவுல், சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதைவிட நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாமே என்கிறார். அந்த வார்த்தையை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். அதே பவுல் தனக்கு நியாயம் கிடைக்காது என்று கண்டபோது இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார். கொரிந்துவில் வசதியுள்ளவர்களே ஏழைகளை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள் என்று வேத அறிஞர்கள் பலர் சொல்வதை நான் ஏற்கிறேன். பொறுத்துக்கொள் என்று ஏமாந்தவரிடம் மட்டும் சொல்லி, ஏமாற்றியவரிடம் ஒன்றும் சொல்லாத பிரசங்கம் பவுலுடையது இல்லை. நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வதா என்பதை நீங்களே, கண் திறந்து, உங்கள் பங்கு இன்னது என்று தெரிந்தபிறகு முடிவுசெய்யவேண்டும். தெரியாமல் விட்டது பொறுமை ஆகாது.

போய்ப் பேசுவது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு காரியம் சொல்கிறேன். பனங்காட்டு ஊர் ஒன்றில் அண்ணன் தம்பி இருவர், பாகம் பிரித்ததில் கிணறு பொதுவில் விழுந்தது. முறைத் தண்ணீரில் சண்டை வந்து பதினொரு வருடம் பேச்சில்லை. மூத்தவர் ஒருநாள் என்னிடம் வந்து, "போகலாம்னு தோணுது ஐயா, என்ன பேசணும்னு தெரியல" என்றார். ஒன்றும் பேசவேண்டாம், போய் நில்லுங்கள் என்றேன். நானும் கூடவே போய், தெருமுனையில் நின்றுகொண்டேன். அவர் தம்பி வீட்டுத் தொழுவடியில் போய் நின்றார். தம்பி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் இருவரும் நின்றார்கள். கடைசியில் மூத்தவர், "மோட்டார் ஓடுதா?" என்றார். "ஓடுது" என்றார் தம்பி. அவ்வளவுதான். மூத்தவர் திரும்பி வந்துவிட்டார், கை நடுங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரமும் போனார். மூன்றாவது தடவை தம்பி மனைவி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். முறைத் தண்ணீர் பற்றிய பேச்சு அதற்கு ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தது, அதிலும் முழுதாக ஒத்துப்போகவில்லை. ஆனால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

நீங்கள் போகும்போது ஒரே ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்: "அண்ணா, குரூப்பில எல்லார் முன்னாலயும் உங்களை அப்படி எழுதினது தப்பு." அதோடு நிறுத்துங்கள். "ஆனா நீங்களும்" என்று தொடங்கவே வேண்டாம். அந்த 'ஆனா' வந்ததும் முன்னால் சொன்னது அழிந்துபோகும். பத்திரத்தைப் பற்றி இன்னொரு நாள், இன்னொரு வருகையில், தெளிவாகப் பேசுங்கள். அதை மறைக்கவும் வேண்டாம். அவர் கேட்டால், "அதைப்பத்தியும் பேசணும் அண்ணா, இன்னைக்கு இதுக்குத்தான் வந்தேன்" என்று சொல்லலாம். நீளமான வாட்ஸ்அப் செய்தி அனுப்பாதீர்கள். எழுத்தில் குரல் இருக்காது, அவர் தன் கோபத்தின் குரலில்தான் அதை வாசிப்பார். எந்தக் குழுவில் எழுதினீர்களோ அங்கே பிறகு ஒரு வரி வருத்தம் தெரிவிப்பது நியாயம். எல்லார் முன்னும் எழுதியதல்லவா? எத்தனை தடவை போவது என்று கேட்பீர்கள். மன்னிப்பதற்குத்தான் ஆண்டவர் ஏழெழுபது என்று கணக்குச் சொன்னார், போய் நிற்பதற்குக் கணக்குச் சொல்லவில்லை. "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12:18-ல் இருக்கிறது. பவுல் அந்த இரண்டு வார்த்தையையும் சும்மா போட்டிருக்கமாட்டார்.

ஒரு எச்சரிக்கை, இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக. அடி, மிரட்டல், குடித்துவிட்டுக் கைநீட்டுவது இருக்கிற வீட்டுக்குப் போய் நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே முதல் கடமை பாதுகாப்பு. 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. அந்த வீட்டிலிருந்து விலகி இருப்பது மன்னியாமை ஆகாது.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய வரி. "அம்மா அண்ணனோடு இருப்பதால் நானும் ஒன்றரை வருடமாகப் போகவில்லை" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் மறுபடி அண்ணனைப் பற்றி எழுதப் போய்விட்டீர்கள். யாக்கோபு, தான் ஏமாற்றிய அண்ணன் ஏசாவுக்குப் பயந்து ஓடியபோது, சில நாள் போய் இரு என்றுதான் தாய் ரெபேக்காள் அனுப்பினாள். அந்தச் சில நாள் இருபது வருடமாயிற்று. திரும்பி வரும்போது ஐந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆடுமாடு ஒட்டகம் கழுதைகளை முன்னால் அனுப்பி, ஏழுதரம் தரைமட்டும் குனிந்து, அண்ணனோடு ஒப்புரவானான். ஏசா ஓடிவந்து கட்டிக்கொண்டான். அதன்பிறகும் இருவரும் ஒன்றாகக் குடியிருக்கவில்லை. ஒருவன் சேயீருக்கும் ஒருவன் சுக்கோத்துக்கும் போனார்கள். ஒப்புரவானவர்கள் ஒரே கூடாரத்தில் இருந்தாகவேண்டும் என்று இல்லை. அப்பாவை இருவரும் சேர்ந்து அடக்கம்பண்ணினார்கள். ஆனால் யாக்கோபு மறுபடியும் தன் தாயைப் பார்த்தான் என்று வேதத்தில் எங்கும் எழுதியில்லை. அவள் எங்கே அடக்கம்பண்ணப்பட்டாள் என்பது மட்டும், அவன் சாகும்போது பேசுகிற இடத்தில், ஒரு வரியாக வருகிறது.

அதனால் வரிசையை மாற்றச் சொல்கிறேன். திருவிருந்தும் அண்ணனும் பத்திரமும் அப்புறம், அம்மாவைப் போய்ப் பாருங்கள். அண்ணன் கதவைத் திறந்தால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள். மதினி திறந்தால், "அம்மாவைப் பாக்க வந்தேன் மதினி" என்று சொல்லி உள்ளே போங்கள். சேகரத்தில் அடுத்த திருவிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு என்று எழுதியிருக்கிறீர்கள், இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. ஞாயிறு வேண்டாம், வீட்டில் ஆள் கூட்டம் இருக்கும். திங்கட்கிழமை சாயங்காலம், அண்ணன் வேலைவிட்டு வந்து காப்பி குடித்து முடித்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.